சிவப்புக் கூரையிலிருந்து பிரியும் மூன்று சாலைகள்

டோக்கியோவின் புறநகரில் ஒரு சிறிய ரயில் நிலையம். அதன் பழைய கட்டிடத்தைப் பிரித்துக் கிடங்கில் வைத்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பூட்டியிருக்கிறார்கள். இப்போது அதில் ரயில் வருவதில்லை. ஆனாலும் ஊருக்கு அது வேண்டியிருந்தது.

டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து மேற்கே செல்லும் சூவோ ரயில் பாதையை வரைபடத்தில் பார்த்தால் யாரோ அடிக்கோல் வைத்து இழுத்த கோடு போலிருக்கும். ஹிகாஷி-நக்கானோவில் தொடங்கி தாச்சிகாவா வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நேர்கோடு. 1889-ல் தனியார் கம்பெனி ஒன்று இந்தப் பாதையைப் போட்டபோது இருபுறமும் இருந்தவை வயல்களும் புதர்க்காடுகளும்தான். இன்று அந்த 25 கிலோமீட்டரில் வீடில்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கோட்டில் தாச்சிகாவாவுக்கு முந்தைய நிலையம் குனிதாச்சி. டோக்கியோ மத்திய நிலையத்திலிருந்து 34.5 கிலோமீட்டர்.

காலை ஏழரை மணிக்கு இந்த நிலையம் மற்ற புறநகர் நிலையங்களைப் போலத்தான் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில். வெள்ளி நிற உடம்பில் ஆரஞ்சுப் பட்டை. கதவு எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் கோடு போட்டிருக்கிறது, கோட்டுக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் பிளாட்பார ஓரம் நெடுக ஓடுகின்றன. 1967-ல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டு உலகெங்கும் போய்ச் சேர்ந்த கற்கள் இவை. நாளொன்றுக்குச் சுமார் 50,000 பேர் இங்கே ரயிலேறுகிறார்கள். பெரும்பாலானவர்களிடம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான சீசன் டிக்கெட் இருக்கிறது. அதன் செலவை ஏற்பது அநேகமாக வேலை கொடுக்கும் கம்பெனி. அட்டையைத் தானியங்கிக் கதவின் மேல் வைத்தால் போதும். நிற்காமலே நடந்து போகலாம்.

எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை. கூட்ட நெரிசலைத் தாண்டி ஓடும் சிறப்பு விரைவு ரயில்கள் இரண்டு நிலையம் கிழக்கே கொக்குபுஞ்சியில் நிற்கும், அடுத்து தாச்சிகாவாவில் நிற்கும். நடுவிலுள்ள குனிதாச்சியைக் கடந்து போய்விடும். ரயில்வே கணக்கில் குனிதாச்சி இரண்டு பெரிய நிலையங்களுக்கு இடையில் கிடக்கும் ஊர், அவ்வளவுதான்.

அதன் பெயரும் அப்படி வந்ததுதான். கொக்குபுஞ்சி என்ற பெயரின் முதல் எழுத்து 'நாடு' என்று பொருள்படும். தாச்சிகாவாவின் முதல் எழுத்துக்கு 'எழுதல், நிற்றல்' என்று பொருள். இரண்டுக்கும் நடுவில் புதிதாக நிலையம் வந்தபோது இரண்டு எழுத்துகளையும் சேர்த்துக் குனிதாச்சி என்றார்கள். ஒரு புதிய நாடு இங்கிருந்து எழும் என்றும் பொருள் கொள்ளலாம். ஜப்பானிய எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உச்சரிப்பு உண்டு. இதே இரண்டு எழுத்துகளைக் 'கொக்குரிட்சு' என்று வாசித்தால் 'அரசுக்குச் சொந்தமான' என்றாகிவிடும். வெளியூர்க்காரர்கள் ஊர்ப்பெயரைப் படிக்கத் தடுமாறுவது அதனால்தான்.

ஊர் முதலில் வந்து ரயில் பிறகு வருவதுதான் உலக வழக்கம். இங்கே நடந்தது தலைகீழ். 1923-ல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பெரும் பூகம்பத்தில் நகர மையத்திலிருந்த வணிகப் பல்கலைக்கழகமும் தப்பவில்லை. இன்று ஹிதோட்சுபாஷி பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றிருப்பது அதுதான். அதற்குப் புது இடம் தேவைப்பட்டது. நிலம் வாங்கி விற்பதில் கைதேர்ந்த யசுஜிரோ சுட்சுமி என்பவரின் ஹக்கோனே நில நிறுவனத்துக்கோ, மனை வாங்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். பின்னாளில் ஜப்பான் நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் பதவி வரை உயர்ந்தவர் சுட்சுமி. யாஹோ கிராமத்தின் வடக்கே இருந்த காட்டு நிலத்தை அவரது நிறுவனம் வாங்கியது. பல்கலைக்கழகத்துக்கு இடம் ஒதுக்கியது, தெருக்கள் போட்டது. ரயில் நிலையத்தையும் தன் செலவில் கட்டி ரயில்வேக்குக் கொடுத்தது. 1926 ஏப்ரல் 1-ல் நிலையம் திறந்தபோது சுற்றிலும் மரங்கள்தான் அதிகம். மின்சார ரயில் இங்கே வந்து சேர்ந்ததே 1929-ல்தான்.

வியாபாரத்துக்காகப் போட்ட திட்டம்தான். ஆனால் போட்டவர்களுக்குக் கண் இருந்தது. ஜெர்மனியின் பல்கலைக்கழக ஊரான கோட்டிங்கன்தான் முன்மாதிரி என்று சொல்வார்கள். ரயில் நிலையத்தை விசிறியின் பிடிபோல் வைத்து அதிலிருந்து மூன்று சாலைகளை விரித்தார்கள். தென்கிழக்கே காலைச் சூரியனை நோக்கி அசாஹி-தோரி. தெற்கே நேராக, 44 மீட்டர் அகலத்தில் தைகாக்கு-தோரி, அதாவது பல்கலைக்கழகச் சாலை. தென்மேற்கே ஃபுஜிமி-தோரி. 'ஃபுஜி தெரியும் சாலை' என்பது அதன் பொருள். வானம் தெளிந்த நாளில் அந்தச் சாலையின் முடிவில் 3,776 மீட்டர் உயர ஃபுஜி மலை நிற்கும்.

மூன்று சாலைகளும் தொடங்கும் இடத்தில் நிலையக் கட்டிடம். மரக்கட்டிடம், இங்கிலாந்தின் நாட்டுப்புற வீட்டுச் சாயல். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகிய முக்கோணச் சிவப்புக் கூரை, அதன் நெற்றியில் அரைவட்டச் சன்னல். பெரிய கட்டிடமல்ல. ஆனால் எந்தச் சாலையில் நின்று திரும்பினாலும் கண்ணில் படும். பல்கலைக்கழகத்தின் கனெமாட்சு அரங்கம் 1927-ல் எழுந்தது. அதை வடிவமைத்த சூதா இத்தோ, 1900-களின் தொடக்கத்தில் சீனா, பர்மா வழியாக இந்தியாவுக்கு வந்து நம் கோயில்களையும் பௌத்தக் கட்டிடங்களையும் ஆராய்ந்த கட்டிடக்கலைஞர். டோக்கியோவின் சுகிஜி ஹொங்கான்ஜி ஆலயத்துக்கு இந்தியச் சாயலில் முகப்பு அமைத்தவரும் அவர்தான்.

இப்படி மனை விற்பதற்காக வரைந்த காட்சியை, மனை வாங்கி வந்தவர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டதுதான் குனிதாச்சியின் கதை. 1934-35-ல் பட்டத்து இளவரசர் பிறந்ததைக் கொண்டாடும் விதமாக ஊர்க்காரர்கள் தைகாக்கு-தோரியில் செர்ரி மரங்கள் நட்டார்கள். அந்தச் செர்ரிகளோடு வரிசை கட்டிய கிங்கோ மரங்கள் வசந்தத்தில் பச்சையாகவும் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகவும் நிற்கின்றன. இளவரசர் பிற்காலத்தில் அக்கிஹித்தோ பேரரசரானார். மரங்கள் நகரத்தின் அடையாளமாயின.

முதல் சோதனை 1950-ல் வந்தது. கொரியப் போர் தொடங்கியதும் பக்கத்து ஊரான தாச்சிகாவாவின் அமெரிக்க விமானத் தளம் சுறுசுறுப்படைந்தது. சிப்பாய்களை நம்பி மதுக்கடைகளும் விடுதிகளும் குனிதாச்சிக்குள் நுழையத் தொடங்கின. பெற்றோரும் மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். இதனால் வியாபாரம் கெடும் என்றவர்களும் ஊருக்குள் இருந்தார்கள். கடைசியில் 1952-ல் ஊரின் பெரும்பகுதி கல்விப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய கடைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. ரயிலை விட்டு இறங்குபவர் கண்ணில் என்ன படவேண்டும் என்பதை ஊரார் தீர்மானித்த முதல் சந்தர்ப்பம் அது.

எல்லாச் சண்டையிலும் அவர்கள் ஜெயிக்கவில்லை. 1970-ல் தைகாக்கு-தோரியின் குறுக்கே நடைமேம்பாலம் கட்டக் கூடாது என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். மனிதர் படியேறி இறங்க, கார்கள் தடையின்றிப் போவதா என்பது அவர்கள் கேள்வி. பாலம் கட்டப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், செர்ரி பூக்கும் காலத்தில் சாலையின் அழகை மேலிருந்து படமெடுக்க ஜனங்கள் கூடும் இடம் இன்று அந்தப் பாலம்தான்.

அடுத்த வழக்கு ஜப்பான் முழுவதும் பேசப்பட்டது. தைகாக்கு-தோரியின் தெற்குக் கோடியில் 14 மாடி, சுமார் 44 மீட்டர் உயரத்துக்கு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போவதாகத் தெரிந்தது. சாலையோரக் கிங்கோ மரங்களின் உயரம் சுமார் 20 மீட்டர். மரத்துக்கு மேல் எந்தக் கட்டிடமும் தலைநீட்டக் கூடாது என்பது அதுவரை எழுதப்படாத ஒழுக்கம். 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நகராட்சி அவசர அவசரமாக 20 மீட்டர் வரம்பைச் சட்டமாக்கியது. அதற்குள் பள்ளம் தோண்டும் வேலை தொடங்கியிருந்தது. 2002 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தந்த தீர்ப்பு அனைவரையும் திகைக்க வைத்தது: கட்டி முடிந்த கட்டிடத்தில் 20 மீட்டருக்கு மேலுள்ள பகுதியை இடித்து அகற்ற வேண்டும். 2004-ல் உயர் நீதிமன்றம் இதை ரத்து செய்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் குடியிருப்பாளர்களின் கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் நல்ல நிலக்காட்சியை அனுபவித்து வாழ்பவர்களுக்கு அதில் சட்டம் காக்க வேண்டிய நலன் உண்டு என்று அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டது. கட்டிடம் நின்றது. கூடவே அந்தக் கொள்கையும் நின்றது.

இந்தப் போராட்டத்தின் விலையைச் சொந்தமாகக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. 1999 முதல் 2007 வரை நகரத்தின் மேயராக இருந்த ஹிரோகோ உவெஹாரா. நிலக்காட்சியைக் காப்பேன் என்று சொல்லி வென்றவர். கட்டுமான நிறுவனத்தின் தொழிலுக்கு நகராட்சி இடையூறு செய்தது என்று நீதிமன்றம் கூறி நஷ்டஈடு விதித்தது. நகராட்சி கட்டியது. அந்த நிறுவனமோ அதே அளவு தொகையை நகரத்துக்கே நன்கொடையாகத் தந்துவிட்டது. விவகாரம் அத்தோடு முடியவில்லை. நகரம் இழந்த 3 கோடி யென்னுக்கு மேற்பட்ட பணத்தை முன்னாள் மேயர் தன் கையிலிருந்து தரவேண்டும் என்று வேறு சில குடிமக்கள் வழக்காடினார்கள். 2016-ல் அது உறுதியாயிற்று. அவருக்காக ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டினார்கள். 2017-ல் கடன் வட்டியோடு அடைந்தது.

இதே காலத்தில் ரயில் நிலையத்தின் தலைக்கு மேலேயும் கத்தி தொங்கியது. இம்முறை எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர், லெவல் கிராசிங்கில் காத்திருந்தவர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் கேட் எப்போது திறக்கும்? உச்ச நேரத்தில் மணிக்கு 40 நிமிடமோ அதற்கு மேலோ மூடிக்கிடக்கும் கேட்டுகளை ஜப்பானியர் 'திறவாத கேட்' என்றே அழைக்கிறார்கள். மித்தாக்காவுக்கும் தாச்சிகாவாவுக்கும் இடையில் 18 லெவல் கிராசிங்குகள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பள்ளிக் குழந்தைகளும் அங்கே நின்றார்கள். தண்டவாளத்தைத் தூண்கள் மேல் ஏற்றுவதுதான் ஒரே வழி. 13 கிலோமீட்டருக்கு நடந்த அந்த வேலை 2010 நவம்பரில் முடிந்தபோது பதினெட்டு கேட்டுகளும் மறைந்திருந்தன. அதை வேண்டாமென்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பாதையை மேலே ஏற்ற வேண்டுமானால் சிவப்புக் கூரை வழிவிட வேண்டும்.

கட்டிடத்தை முழுதாக நகர்த்தி வைக்கும் யோசனை பலிக்கவில்லை. பிரித்து வைப்பதிலும் ஒரு சிக்கல். நிலையத்தின் முன்பகுதி தீத்தடுப்பு விதிகள் கடுமையாக உள்ள இடம். ஒருமுறை பிரித்த மரக்கட்டிடத்தை அங்கே மீண்டும் மரத்தால் கட்டக் கட்டிடச் சட்டம் இடம் தராது. பண்பாட்டுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டிடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. 2006 அக்டோபரில் நகரம் அதைத் தன் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. அதன்பின் கட்டிடம் பகுதி பகுதியாகப் பிரிந்து கிடங்குக்குப் போனது. டோக்கியோவில் ஹராஜுக்கு நிலையத்துக்கு அடுத்தபடி மிகப் பழைய மர ரயில் நிலையம் என்று பெயர் பெற்ற கட்டிடம், மரக்கட்டைகளும் ஓடுகளுமாக அடுக்கி வைக்கப்பட்டது.

திரும்பி வரும் என்று எத்தனை பேர் நம்பினார்கள் என்பது தெரியாது. மேயர்கள் மாறினார்கள். நிலம் ரயில்வே கம்பெனியின் கையில் இருந்தது. சுமார் 8 சதுர கிலோமீட்டர் பரப்பும் 75,000 சொச்சம் மக்களும் கொண்ட சிறிய நகராட்சி அது. டோக்கியோ மத்திய நிலையம் தன் 1914-ம் ஆண்டுச் செங்கல் முகப்பை 2012-ல் புதுப்பித்தபோது, தனக்கு மேலுள்ள வெட்டவெளியில் கட்டிக்கொள்ளும் உரிமையைப் பக்கத்து வானளாவிகளுக்கு விற்றுப் பணம் திரட்டியது. குனிதாச்சிக்கு விற்க அப்படி வானம் ஏதும் இல்லை. அது நகராட்சிப் பணத்தையும் ஊராரின் நன்கொடையையும் நம்பியது.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் சிவப்புக் கூரை பழைய இடத்துக்கு மிக அருகில், மூன்று சாலைகளும் சந்திக்கும் அதே முனையில் மீண்டும் திறந்தது. பழைய மரங்களில் முடிந்தவற்றையெல்லாம் பயன்படுத்தி, 1926-ல் இருந்த தோற்றத்தில். அதற்கு முந்தைய மாதம்தான் ஹராஜுக்குவின் பழைய கட்டிடம் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. ஆனால் குனிதாச்சிக்குக் கொண்டாட நேரமில்லை. சில நாட்களிலேயே, ஏப்ரல் 7-ல், கொரோனாவுக்காக டோக்கியோவில் அவசரநிலை அறிவித்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் வந்தது. பதின்மூன்றரை ஆண்டு காத்திருந்த கட்டிடத்தின் முன்னால் பயணிகள் இல்லை.

இப்போது இருக்கிறார்கள். ரயில் நிற்பது பின்னால் உள்ள மேம்பாலப் பாதையில். டிக்கெட் கதவுகளும் கடைகளும் அதன் அடியில். முன்னால் நிற்கும் சிவப்புக் கூரை ரயில்வேயின் கட்டிடமல்ல, நகரத்தின் கட்டிடம். ஊர்த் தகவல்கள் கிடைக்கும், சிறு கண்காட்சிகள் நடக்கும், சும்மா உட்கார்ந்திருக்கலாம். டிக்கெட் கேட்க ஆளில்லை. பெயரளவில்கூட அது 'முன்னாள் நிலையக் கட்டிடம்'தான். இருந்தும் யாரையாவது சந்திக்க வரச் சொல்பவர்களுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

மூன்று சாலைகளில் ஃபுஜிமி-தோரியின் முறை 2024-ல் வந்தது. நிலையத்திலிருந்து தென்மேற்கே போகும் அந்தச் சாலையோரம் 10 மாடிகளில் 18 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று கட்டி முடிந்திருந்தது. ஜப்பானின் மிகப் பெரிய வீட்டுக் கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான செக்கிசுயி ஹவுஸ் கட்டியது. உள்ளூர் எதிர்ப்பைக் கேட்டுத் திட்டத்தில் ஒரு மாடியைக் குறைத்தும் இருந்தார்கள். சட்டமீறல் எதுவும் இல்லை. ஜூலையில் சாவி கொடுக்க வேண்டும். ஜூனில் நிறுவனம் அறிவித்தது: கட்டிடத்தை இடித்துவிடப் போகிறோம். ஃபுஜி மலைக் காட்சியின் ஒரு பகுதியை அது மறைக்கிறது என்பதைக் காகிதத்தில் கண்டதைவிடக் கட்டி முடித்த பிறகுதான் முழுதாக உணர்ந்தார்கள் போலும். எந்த நீதிபதியும் உத்தரவிடவில்லை. 2002-ல் தீர்ப்பாலும் நிலைக்காத ஒன்று, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்பே இல்லாமல் நடந்தது.

இது முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அங்கே வீடு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள் இருந்தார்கள். புதிதாக எழும்பியதை இடிப்பது வீண் செலவு என்று ஜப்பானிலேயே பலர் கேட்டார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. உயரத்துக்கு வரம்பு போட்டால் வீடுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வரும். முன்பே குடியேறியவர்களுக்கு மலை கிடைக்கும். பிறகு வருபவர்கள் இன்னும் இரண்டு நிலையம் தள்ளி வீடு தேட வேண்டியிருக்கும். கண்ணுக்கு இனிய ஊர் எல்லாருக்கும் கட்டுப்படியாகிற ஊராக இருப்பதில்லை.

ஆனால் இந்தக் காட்சிக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தானா என்று பார்த்தால் கணக்கு மாறும். பால்கனியிலிருந்து ஃபுஜியைப் பார்ப்பவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார். மாலையில் ரயிலிலிருந்து இறங்கி நிலைய வாசலில் நிற்கும் வாடகை வீட்டுக்காரரும், மாணவரும், கடைச் சிப்பந்தியும் எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் கையில் இருப்பது சீசன் டிக்கெட் மட்டும். மூன்று சாலைகளும் அவர்கள் காலடியிலிருந்துதான் தொடங்குகின்றன. உயர்ந்த கட்டிடம் ஒன்று எழுந்தால் அதன் மேல்மாடியில் சில குடும்பங்களுக்குக் காட்சி கூடும், வாசலில் நிற்கும் இவர்களுக்குக் குறையும். குனிதாச்சி எழுபது ஆண்டுகளாக வாதாடுவது இந்த வாசலுக்காகத்தான்.

1926-ல் திறந்த நிலையத்துக்கு 2026 நூறாவது ஆண்டு. அந்த நூறில் பதின்மூன்றரை ஆண்டுகளைச் சிவப்புக் கூரை கிடங்கில் கழித்தது. தைகாக்கு-தோரியில் 14 மாடிக் கட்டிடம் இன்றும் நிற்கிறது, அதில் மனிதர்கள் வாழ்கிறார்கள். சிறப்பு விரைவு ரயில்கள் இப்போதும் குனிதாச்சியில் நிற்காமல் போகின்றன. இறங்குபவர்களுக்கு மட்டும், வானம் தெளிவாக இருந்தால், வலதுபக்கச் சாலையின் கோடியில் மலை தெரிகிறது.